வரைபடத்தில் விட்டுப்போன அத்தை

அந்த மனிதரை நான் உயிரோடு பார்த்ததில்லை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். அவருடைய மூளை மட்டும் பார்மலின் ஊற்றிய கண்ணாடி ஜாடியில், வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து, ரயிலேறி மெட்ராஸ் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'ஆண். வயது சுமார் நாற்பத்திரண்டு. கொல்லிமலை, பெரக்கரை நாடு. ஐந்து வருஷமாக நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். தகப்பனாருக்கும் இப்படியே.' அந்தக் கடைசி வரியை எந்தப் புண்ணியவான் எழுதினாரோ தெரியாது. என் வாழ்க்கையில் பத்து வருஷத்தை அவர்தான் எடுத்துக்கொண்டார்.

நான் அப்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் பேத்தாலஜி ஆய்வகத்தில் உதவியாளர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவள் என்றே ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நான் பிணத்தை அறுத்து, வில்லை வில்லையாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் என்று தெரிந்ததும், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல காபி வீணானதுதான் வருத்தம்.

எங்கள் பேராசிரியருக்கு மூப்பு என்றால் பைத்தியம். மனிதன் ஏன் கிழவனாகிறான் என்பதைத் தவிர வேறு கேள்வியே அவருக்கு இல்லை. "உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் கிழடு தட்டுவதில்லை. சில குடும்பங்களில் ஏதோ ஓர் உறுப்பு மட்டும் அவசரப்பட்டு முந்திக்கொள்கிறது. அந்த அவசரம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்தால் மூப்பின் வாலையாவது பிடித்துவிடலாம்" என்பார். ஜாடியைத் திறந்த அன்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பெருமூளை நாற்பது வயதுக்காரருடையதாகவே இருந்தது. பின்பக்கம் இருக்கும் சிறுமூளை மட்டும் வெயிலில் காய்ந்த எலுமிச்சம்பழம் போல வற்றிக் கிடந்தது. எண்பது வயதுப் பிணங்களில்கூட நான் அப்படி வற்றிப் பார்த்ததில்லை.

"கொல்லிமலைக்குப் போய் அந்தக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வா" என்றார் பேராசிரியர். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ஆண்கள் மூன்று பேர் மாட்டேன் என்ற பிறகுதான் என் முறை வந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

சேந்தமங்கலம் வரை பஸ் இருந்தது. அதற்கு மேல் ரோடு கிடையாது, கால்தான். மலைக்கு உப்பும் துணியும் கொண்டு போய்விட்டுத் தேனும் கடுக்காயும் பலாவும் வாங்கி வரும் வியாபாரி ஒருவர், சேந்தமங்கலத்துப் பாய், என்னைக் கூட்டிப் போக ஒப்புக்கொண்டார். ஐம்பது வயது. மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள்; அவர் கால் படாத நாடு இல்லை. என் மைக்ராஸ்கோப் பெட்டியைச் சுமந்த ஆள் முன்னால் போக, நான் நடுவில், பாய் பின்னால். பத்தடிக்கு ஒரு தரம் "காச்சலுக்குக் கொயினா மாத்திரை போட்டுக்கிட்டீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாம் தரம், "பாய், உங்களுக்கும் ஒன்று தரட்டுமா, வாய்க்கு வேலையாக இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பாவம், அக்கறையில் கேட்டவர்.

ஜாடிக்காரரின் தம்பிதான் அந்த வீட்டில் இப்போது பெரியவர். முப்பத்தேழு வயது இருக்கலாம். மலையில் யாருக்கும் வயது தெரியாது. பெரும்பஞ்சத்தின்போது அப்பனுக்கு என்ன வயது, அப்பனின் எத்தனையாவது வயதில் இவர் பிறந்தார் என்று கேட்டுக் கேட்டு நான் கூட்டிக்கொள்ள வேண்டும். அவர் என்னை வரவேற்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் வந்த விஷயத்தைக் கேட்டார். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்: உங்கள் அண்ணனின் மூளை என்னிடம் இருக்கிறது.

அவர் காலியான சொம்பை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு, "அண்ணன் தலைக்குள்ள என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். நடையைச் சீராக வைத்துக்கொள்ளும் ஒரு சிறு பாகம், அது வயதுக்கு முந்தி வற்றிவிட்டது என்று.

"அதைத்தானுங்க நாங்க மூப்பு முந்திருச்சுங்கறோம்" என்றார். "எங்கப்பனுக்கு முந்துச்சு. அண்ணனுக்கு முந்துச்சு. எனக்கும் முந்திக்கிட்டுத்தான் இருக்குது. வாங்க, காட்டறேன்."

வயலுக்குக் கூட்டிப் போனார். பள்ளத்தில் சின்னச் சின்ன நெல் வயல்கள், நடுவே ஒரு சாண் அகல வரப்புகள். அதில் ஏறி நடந்தார். நாலாவது தப்படியில் இடது கால் சேற்றுக்குள் இறங்கியது. ஏறினார், மறுபடி இறங்கியது. "வரப்புல கால் நிக்கலைன்னாக்கா எங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க" என்றார். மெட்ராஸில் நாங்கள் சாக்பீஸால் கோடு கிழித்து அதன்மேல் நோயாளியை நடக்கச் சொல்வோம். அதே சோதனையை இவர்கள் வயலிலேயே வைத்திருந்தார்கள். என்னைவிட நல்ல டாக்டர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அந்த ஊரில் தங்கினேன். காலையில் காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா; அதன் பிறகு வரைபடம். தம்பி சொல்லச் சொல்ல, பெரிய தாளில் அவர்கள் வகையறாவை வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூப்பு முந்தியவர்களுக்குக் கறுப்பு மை. பாட்டன், பாட்டனின் தம்பி, அப்பன், சித்தப்பன், அண்ணன், தான் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, சதுரங்கள் வரிசையாகக் கறுத்தன.

"பெண்களில் யாருக்காவது?" என்று கேட்டேன்.

"எங்க வகையறாவுல பொம்பளைங்களுக்கு இல்லீங்க" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

அவருடைய தங்கை அப்போது வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயது, பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அண்ணனுக்குக் கை கால் சரியில்லை என்று தினமும் வந்து வேலை செய்துவிட்டுப் போவார். எனக்கு ராகிக் களி கொண்டு வந்து வைப்பவரும் அவர்தான். அண்ணன் அந்தப் பதிலைச் சொன்னபோது உலக்கைச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

என் மனமோ ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் நோய்! பெண் வழியில் எட்டிக்கூடப் பார்க்காத நோய்! புத்தகங்களில் இப்படிப்பட்டது உண்டா இல்லையா என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். பேராசிரியருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். சுருக்கமாக எழுத எனக்குத் தெரியும், அன்று பிடிக்கவில்லை. கீழே இறங்கிய பாயிடம் கொடுத்து, சேந்தமங்கலத்தில் தபாலில் சேர்க்கச் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. தங்கையின் மகளுக்குப் பதினாறு வயது. மலையின் கணக்கில் கல்யாண வயது. இரண்டு ஊர் தள்ளி ஒரு நல்ல இடம், பையனுக்கு இருபத்திரண்டு. எல்லாம் கூடி வந்தது. பையனின் அப்பாவுக்கு மட்டும் ஒரு முள். பெண்ணின் தாய் மூப்பு முந்துகிற வகையறாவில் பிறந்தவள் ஆயிற்றே, அது குலசாமிக் குத்தமோ நோயோ, எதுவானாலும் மருமகளோடு சேர்ந்து நம் வீட்டுக்குள் வந்துவிடுமா? ஊரில் ஒரு டாக்டரம்மா படம் போட்டு வைத்திருக்கிறாளாம், அவளையே கேட்டுவிடுவோம் என்று பத்துப் பேரோடு வந்துவிட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் தாளை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, சபைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். "இது சாமிக் குத்தம் இல்லை. நோய். அப்பன் வழியில் ஆண் பிள்ளைக்குத்தான் போகும். இந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் வராது, இந்தப் பெண்ணுக்கும் வராது, அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் வராது" என்று தாளில் விரல் வைத்து, சதுரம் சதுரமாகக் காட்டி முழங்கினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பையனின் அப்பா தலையாட்டினார். வெற்றிலை மாறியது. தங்கை கூட்டத்துக்குப் பின்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று என்மேலேயே பெருமை தாங்கவில்லை. இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

ஒரு வாரம் கழித்துப் பாய் மறுபடி மேலே வந்தார். "கடிதம் போட்டாச்சா?" என்றேன். போட்டாயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அந்தக் கடிதத்தில் இருந்ததை அவருக்கும் விளக்கினேன். அவர் உப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தப்பா நெனைக்கக் கூடாதுங்க டாக்டரம்மா. பொம்பளைங்களுக்கு வராதுங்கறீங்க. அரியூர் நாட்டுல நான் தேன் வாங்கற ஊட்டுல ஒரு அம்மா இதே மாதிரித்தானுங்க செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்குது. அதோட தாயும் அப்படி இருந்துதான் போச்சு. அந்தத் தாய் இந்த ஊருப் பொண்ணுதானுங்களே? இந்த ஊட்டுப் பெரியவருக்குச் சொந்த அத்தை."

மறுநாள் விடிந்ததும் அவரோடு அரியூர் நாட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அது வேறு ஏதாவது நோயாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். ஒருத்தருக்கு வேறொரு நோய் வர வேண்டிக்கொண்ட டாக்டர் நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. நாங்கள் வந்ததைக் கண்டு எழுந்தார். எழும்போதே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி அகட்டி வந்தார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தானுங்க" என்றார், குழறலாக. "பெரக்கரை நாட்டுலருந்து கட்டிக்கிட்டு வந்தவங்க." பரிசோதிக்கவே தேவையில்லை. இருந்தாலும் பரிசோதித்தேன்.

திரும்பி வந்ததும் தம்பியிடம் கொஞ்சம் கத்தியேவிட்டேன். "உங்கள் அத்தைக்கு இருந்ததை ஏன் சொல்லவில்லை?"

அவர் நிஜமாகவே விழித்தார். "அத்தையைக் கட்டிக் கொடுத்தாச்சுங்களே. அவங்க அந்த ஊட்டு ஆளு. நீங்க எங்க வகையறாவைத்தானுங்க கேட்டீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அங்கே கட்டிக் கொடுத்த பெண்ணுக்குச் சீர் உண்டு, செத்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி உண்டு, பாசத்துக்கும் குறைவில்லை. ஆனால் தாலி ஏறிய அன்றே அவள் புருஷனின் குலசாமிக்குச் சொந்தம். பிறந்த குலத்தில் அவளைச் சேர்ப்பதில்லை. அப்படியானால் 'எங்க வகையறாப் பொம்பளைங்க' யார்? வெளியிலிருந்து வாழ வந்த மனைவிமார்கள். வேறு ரத்தம். அவர்களுக்கு எப்படி இந்த நோய் வரும்? அவர் சொன்னது அத்தனையும் அவர்கள் முறைப்படி சத்தியம். தப்பு முழுக்க என்னுடையது.

வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் அண்ணன் எங்கள் குடும்பத்து வம்சாவளியை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டினார். ஆறு தலைமுறை, அத்தனையும் ஆண்கள். நான் இல்லை, என் அக்காமார்கள் இல்லை, எங்கள் அத்தைகள் இல்லை. "நாங்கள் என்ன அண்ணா, வானத்திலிருந்து குதித்தோமா?" என்று சண்டை பிடித்து, ஆறு மாதம் அந்த வீட்டுப் படி மிதிக்காமல் இருந்தவள் நான். அப்படிப்பட்டவள் மலையேறி வந்து, கறுப்பு மையைத் தொட்டுத் தொட்டு, என் அண்ணன் போட்டதையே நானும் போட்டிருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் இல்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. தங்கை சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அரியூர் நாட்டுக்குப் போய் வந்ததைச் சொன்னேன். பெண் வழியிலும் வரும் என்றேன். பூவா தலையா போடுவது மாதிரி, உங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். உங்களுக்கு வந்தால் மகளுக்கும் அதே பூவா தலையா என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "தெரியுமுங்க" என்றார். "அத்தை கடைசியா விழுந்து கெடந்தப்ப நாந்தானுங்க போயிப் பாத்துக்கிட்டேன்."

"தெரியுமா? அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலீங்களே. அண்ணனைத்தானுங்க கேட்டீங்க. அவரு சொல்றப்ப நடுவுல நான் பேசறதுங்களா?"

மூன்று வாரம் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாமை குத்தியவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. "சபையில நீங்க வராதுன்னு சொன்னீங்க பாருங்க. படிச்சவங்க, படம் போட்டுச் சொல்றாங்க, அப்ப அத்தைக்கு வந்தது வேற ஏதோ நோயாக்குமுன்னு நெனச்சுக்கிட்டேன். அத்தை செத்ததுலருந்து வரப்புல ஏறுறப்பெல்லாம் காலையே பாத்துக்கிட்டு நடப்பேனுங்க. இந்த ஒரு வாரந்தான் பாக்காம நடந்தேன். நல்லாத் தூங்குனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினார். "சபையில சொன்னதைச் சபையிலதானுங்க மாத்தோணும். வாங்க போலாம்."

அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவர் தலையில் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன். "கல்யாணம் நின்றுவிட்டால்?" என்றேன்.

"நின்னா நிக்கட்டுமுங்க. பொறவு தெரிஞ்சு எம்பொண்ணை ஏசுனாங்கன்னா அவ யாரைப் போயி கேப்பா?"

மாப்பிள்ளை வீட்டில் பையனின் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த வேகத்தைப் பார்த்து அப்பாவும் வந்தார். அன்று சபையில் இருந்த நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். பையன் பலா மரத்தில் சாய்ந்து நின்றான். தங்கை என்னைப் பார்த்தார். சொன்னேன். நான் அன்று சொன்னது தப்பு. கட்டிக் கொடுத்த பெண்களைக் கேட்காமல் விட்டதால் வந்த தப்பு. இந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதில் மூப்பு முந்தலாம், முந்தாமலும் போகலாம். சொல்லி முடித்தபோது என் புடவைத் தலைப்பு கைக்குள் கசங்கிக் கிடந்தது.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினார். மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, எனக்கு அஞ்சு பொறந்துச்சு. நாலு காச்சல்ல போச்சு. நிக்கறது இவன் ஒருத்தன். முப்பத்தஞ்சுலயும் நாப்பதுலயும் வர்ற நோயைச் சொல்லி எங்களைப் பயமுறுத்துறீங்களே. எம் மருமக நாப்பது வயசு வரைக்கும் இருந்தா அதுவே எங்க சாமி குடுத்த வரமுங்க. அப்ப அவளுக்கு நடை போச்சுன்னா, புடிச்சுக் கூட்டிப் போவ ஆளு இருக்குமுங்க." பிறகு தங்கையைப் பார்த்து, "நீ ஏன் கண்ணு நிக்கறே? உக்காரு" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். தங்கை உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார். பையன் மரத்தைவிட்டு நகர்ந்து போய் ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து மாமியாராகப் போகிறவரிடம் கொடுத்தான்.

கிழடாவதைப் பற்றி இரண்டு வருஷம் படித்த நான், கிழடாக உயிரோடு இருக்க வேண்டும் என்பதை அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு இருந்து சாமைச் சோறு சாப்பிட்டேன். என் சீராகக் கொயினா மாத்திரை ஒரு பெரிய புட்டி வைத்தேன். வந்த சீரிலேயே அதுதான் உசத்தி என்று மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

பேராசிரியருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்றே வரி, முதல் கடிதத்தைக் கிழித்துவிடும்படி. 'கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு இரண்டும் வேண்டும்' என்று பதில் வந்தது. பிறகு புதுத் தாள் எடுத்து, நாடு நாடாக நடந்து, கட்டிக் கொடுத்த பெண்களை ஒருத்தி விடாமல் தேடி வரைந்தேன். அத்தையின் வட்டம் முதலில் கறுத்தது. கட்டுரை வெளிவந்தபோது பேராசிரியர் பெயர் மேலே பெரிதாக இருந்தது; என் பெயர் அடிக்குறிப்பில், 'மலையில் தகவல் சேகரித்து உதவியவர்' என்று. என் அண்ணனின் ஆறு தலைமுறைப் படத்துக்கு இது மேல் என்று தேற்றிக்கொண்டேன்.

பத்து வருஷம் போனது. பெரிய யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ஒரு காலை வேளையில், என் அறை வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று பியூன் சொன்னான். வெளியே வந்தேன். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண்மணி சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார், கால்களை அகட்டிக்கொண்டு. ஒரு முழங்கையை அவருடைய மருமகன் பிடித்திருந்தான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நடையைப் பார்த்தேன். பெரக்கரை நாட்டுத் தங்கைதான் என்று நடையே சொல்லிவிட்டது.

உள்ளே உட்காரவைத்தேன். இரண்டு வருஷமாக இப்படி என்றான் மருமகன். மருந்து இல்லை என்று நான் சொல்லும் முன்பே, "மருந்துக்கு வரலீங்க" என்றார் அவர். பேச்சு குழறியது, ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைப்பது போலப் பேசினார். "மருந்து இல்லைன்னு அன்னைக்கே சொன்னீங்க."

"மகள் எப்படி இருக்கிறாள்?"

"நல்லா இருக்கறாளுங்க. ரெண்டு புள்ளைங்க. வரப்புல ஓடறா." பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "அந்தப் படத்துல என்னையப் போட்டீங்களா?"

நான் எழுந்து போய் அலமாரியின் மேலிருந்து சுருளை எடுத்தேன். தூசி தட்டி மேஜைமேல் விரித்தேன். அவருடைய வட்டத்தை விரல் வைத்துக் காட்டினேன். வெள்ளையாக இருந்தது. நான் வரைந்தபோது அவருக்கு நோய் இல்லையே.

"இது நான். அப்ப இதைக் கறுப்பாக்கோணுமில்லீங்க?" என்றார்.

"வேண்டாமே" என்றேன். டாக்டர் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

"போடுங்க டாக்டரம்மா. அத்தையை விட்டுப்போட்டாப்பல என்னைய விட்டுராதீங்க. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

மைக்கூட்டைத் திறந்து, வட்டத்துக்குள் நிரப்பினேன். மை கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அதற்கு எந்த நோயும் காரணம் இல்லை. நிரப்பி முடிந்ததும் அவர் குனிந்து பார்த்தார்.

"எம்பொண்ணு எங்கீங்க?"

அவருடைய வட்டத்துக்குக் கீழே, ஒரு கோடு இறங்கும் இடத்தில் இருந்த சின்ன வட்டத்தைக் காட்டினேன். அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். விரல் வட்டத்தைத் தாண்டிப் போனது. திரும்பக் கொண்டு வந்தார். இந்தப் பக்கம் தாண்டியது. இந்த நோயில் அப்படித்தான். கை தொட வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிடும். மூன்றாவது தடவை நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலை மகளின் வட்டத்தை நோக்கி இறக்கினேன்.

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. எம்மேல போட்ட மை இன்னும் காயலீங்க. கை பட்டு அவ மேல ஒட்டிக்கப் போவுது."

மை காயும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.